பெர்ரிப் பழங்களும் குளிர்பதனமும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலையில் விளையும் ஸ்ட்ராபெர்ரி, பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும் பினாங்குக்கு இறங்கி, பாயான் பாரு போன்ற குடியிருப்புப் பகுதிகளின் கடைகளை அடையும்போது எந்நிலையில் இருக்கும் என்பது, வழியில் அது பட்ட வெப்பத்தைப் பெரிதும் பொறுத்தது. இப்பழத்தின் பெருமைக்குக் காரணமாகச் சொல்லப்படுபவை ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள், அதாவது செல்களைச் சிதைக்கக்கூடிய வினைமிகு மூலக்கூறுகளை ஆய்வுக்கூடச் சோதனைகளில் அடக்கிக் காட்டும் சேர்மங்கள். 100 கிராமில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் உள்ள வைட்டமின் சியும், பெர்ரிகளுக்குச் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின் நிறமிகளும் அவற்றுள் முதன்மையானவை.

பறித்த பின்னும் பழம் சுவாசிப்பதால், அச்சுவாசத்தையும் நொதிகளின் வேகத்தையும் பூஞ்சையின் வளர்ச்சியையும் ஒருசேரத் தணிக்கும் பொருட்டு, அதை விரைந்து 0 டிகிரிக்கு அருகே குளிர்விப்பது வணிக வழக்கம். ஆயினும் குளிர் காக்குமேயன்றிக் கூட்டாது. 1999இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், 0 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பநிலைகளில் 8 நாள்வரை வைக்கப்பட்ட ஸ்ட்ராபெர்ரியிலும் ராஸ்பெர்ரியிலும், 0 டிகிரிக்கு மேல் இருந்தவற்றில்தான் ஆந்தோசயனின் கூடியது. பறித்த பழமும் நிறமியைத் தொடர்ந்து உருவாக்குவதே அதற்குக் காரணம். ஆகவே, வாங்குவோர் பெரிதும் நம்பும் அடர்சிவப்பு, பழம் புதிது என்பதற்குச் சான்றாகாது. வெப்பத்தில் கிடந்து அழுகலை நெருங்கும் பழமும் அவ்வாறே சிவந்திருக்கலாம்.

சாற்றின் நிலை வேறு. முழுப் பழத்தில் தனித்தனியே அடைபட்டிருக்கும் நிறமியும் அதைச் சிதைக்கும் நொதிகளும், அரைத்தவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு ஒன்றுகலக்கின்றன. வடிகட்டும்போதோ தோலில் செறிந்த நிறமியின் பெரும்பகுதி, குறிப்பாக அவுரிநெல்லி எனப்படும் புளூபெர்ரியில், சக்கையோடு போய்விடுகிறது. சூடாக்கிப் பதப்படுத்தினால் நொதிகள் அடங்கும், ஆனால் வைட்டமின் சியில் ஒரு பங்கு அழியும். அறை வெப்பநிலையில் மாதக்கணக்கில் நிற்கும் சாற்றில் ஆந்தோசயனின் வெகுவாகக் குறைய, குளிரில் அக்குறைவு மெதுவாகிறது. நிறமி குறைந்த அளவுக்கு மொத்தத் தடுப்பாற்றல் குறைவதில்லை. நிறமிகள் ஒன்றிணைந்து உருவாகும் பெரிய மூலக்கூறுகளும் அவ்வேலையை ஓரளவு செய்கின்றன. வைட்டமின் சியும் ஆந்தோசயனினும் சாற்றில் ஒன்றையொன்று சிதைப்பதால், வைட்டமின் சி கூடுதலாகச் சேர்த்ததாகப் பெருமை பேசும் புட்டி, நிறத்தைப் பொறுத்தவரை நல்ல பேரமன்று.

−18 டிகிரியில் உறையவைத்த பழம் மாதக்கணக்கில் தாங்கும். எனினும் பனிப்படிகங்கள் செல்சுவர்களைக் கிழிப்பதால், உருகத் தொடங்கியதும் நொதிகள் மீண்டும் வேலையில் இறங்கும். ஆதலால், மிஞ்சியதைச் சாறாக்கிக் குளிர்பதனப் பெட்டியில் நாள்கணக்கில் வைப்பதைவிடப் பழமாகவே உறையவைத்து, உருகவிடாமல் அரைத்து அப்போதே பருகுவது மேல்.