உங்களுக்குத் தெரியுமா? வளைந்தாலும் ‘தட்டை’!

இரு எண்களின் பெருக்கற்பலன் 1 என்று வரைந்தால் அதிபரவளைவு கிடைக்கும். அந்த 1-ஐ 0.1, 0.01 எனக் குறைத்து 0 ஆக்குங்கள்; வளைவு முறிந்து, குறுக்கே வெட்டும் இரு நேர்கோடுகளாகிவிடும். ஆனால் சமன்பாட்டின் படி 2 மாறாது. இப்படிச் சீராக மாறும் வடிவக் குடும்பத்தையே இயற்கணித வடிவியல் ‘தட்டை’ என்கிறது. சாலை மேடுபள்ளமின்றிக் கிடப்பது போன்ற தட்டை அல்ல இது!

பிரெஞ்சுக் கணிதர் செர் 1956-இல் இயற்கணிதக் கருவியாகத் தந்த இந்தத் தட்டைக் கருத்தை வடிவியலின் அச்சாணியாக்கியவர் கணிதர் குரோத்தெண்டீக். இதற்கு நெருங்கிய உறவான, பல்லுறுப்புக் கோவைகள் தொடர்பாகச் செர் 1955-இல் எழுப்பிய ஒரு கேள்விக்கு, இரு மாறிகள் வரை 1958-இல் விடை கண்டவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. எத்தனை மாறிகளுக்கும் பொருந்தும் முழு விடை 1976-இல்தான் கிடைத்தது.