தருமபுரியின் மழை: ஆபத்துகளும் உரிமைகளும்

தருமபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது சுமார் 600 மி.மீ.தான். அங்கே அது ஆண்டு முழுவதும் தூறலாகப் பரவி விழுகிறது. வெயிலில் ஆவியாவதும் குறைவு. தருமபுரியிலோ மழை பெரும்பாலும் சில மாதங்களில் கொட்டித் தீர்த்து, பாறை நிலத்தில் தங்காமல் ஓடிவிடுகிறது. அளவைவிட, மழை எப்போது, எப்படிப் பெய்கிறது என்பதே ஓர் ஊரின் வறட்சியையும் செழிப்பையும் தீர்மானிக்கிறது.

மழையின் அளவோ இட அமைப்பைப் பொறுத்தது. மேகாலயாவின் மௌசின்ராமில் வங்கக்கடலின் ஈரக்காற்று மலையில் மோதி மேலேறிக் குளிர்வதால் ஆண்டுக்கு 11,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. சிலி நாட்டின் அரிகாவில் 1 மி.மீ. கூடப் பெய்வதில்லை. தருமபுரி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்திலும் வால்பாறையிலும் ஈரத்தை இறக்கிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறது. வடகிழக்குப் பருவத்திலும் கடலோரம் அளவுக்கு மழை கிடைப்பதில்லை.

ஆனால் புயல் உள்ளே வந்துவிட்டால் கதை மாறிவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்மாவட்டங்கள் வழியாக நகர்ந்தபோது, தருமபுரி மாவட்டத்தின் அரூரில் 24 மணி நேரத்தில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரே நாளில்.

அப்போது 33 சதவீதத்துக்குக் குறையாத பயிர்ச் சேதத்துக்கு, ஹெக்டேருக்கு மானாவாரிப் பயிருக்கு ரூ.8,500, இறவைப் பயிருக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ.22,500 என்று தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. சேதக் கணக்கெடுப்பில் அடங்கல் எனும் கிராமப் பயிர்ப் பதிவேடுதான் முதல் சாட்சி. வயலில் தக்காளி நிற்க, அடங்கலில் வேறு பயிர் இருந்தால் நிவாரணம் சிக்கலாகும். ஆகவே விதைத்த உடனேயே கிராம நிர்வாக அலுவலரிடம் பயிரைப் பதிவு செய்துவிட வேண்டும். குத்தகை விவசாயிகள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டில் விவசாயி செலுத்துவது, காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சமாக காரீஃப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5, தோட்டக்கலைப் பயிருக்கு 5. கல்மழை, நிலச்சரிவு போன்ற சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உதவி எண் 14447.

வெள்ளம் கண்ணில் படும். கண்ணில் படாத ஆபத்து ஃபுளோரைடு. மழை பொய்க்கும்போது ஆழ்துளைக் கிணறு இன்னும் ஆழமாகிறது. பாறையில் நெடுநாள் தங்கிய நீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை படியும். அளவு கூடக் கூட மூட்டு விறைத்து, முதுகு வளையும். வளைந்த எலும்பு மருந்தால் நிமிராது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றி அதன் அடர்த்திதான் கூடும். இந்த ஃபுளோரைடு சிக்கலைத் தீர்க்கவே ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த நீர் வராத நாட்களில் மேல்நிலைத் தொட்டியில் எந்த நீர் ஏற்றப்படுகிறது என்று கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. கிராம சபையில் நீர்ப் பரிசோதனை கோரித் தீர்மானம் நிறைவேற்றலாம். பரிசோதனை முடிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.