நம்ம சிவில் சீனியர் ஒரு பாதிரியார்!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்ல "ஆறு நாள்ல உலகம்". திங்கட்கிழமை கிளாஸ்ல "1380 கோடி ஆண்டுகள்". எதை விடுறதுன்னு மனசு அலைபாயுதா? அப்போ இவரைத் தெரிஞ்சுக்கோங்க.

ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியம்காரர். முதலில் படித்தது சிவில் இன்ஜினியரிங்! 1914-இல் போர் வந்தது. படிப்பை விட்டு ராணுவத்தில் சேர்ந்தார். திரும்பியதும் கணிதமும் இயற்பியலும் படித்து, 1923-இல் கத்தோலிக்கக் குருவானார். 1927-இல் பிரபஞ்சம் விரிவடைகிறது என்று எழுதினார். ஐன்ஸ்டீனே அப்போது ஏற்கவில்லை. 1931-இல் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்றார். இன்றைய பிக் பேங் கொள்கையின் வேர் அதுதான்.

1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், இத்தகைய கண்டுபிடிப்புகள் படைப்புக்குச் சான்று என்ற பொருளில் பேசினார். லெமேத்ருக்கு சந்தோஷமா? இல்லீங்க, சங்கடம்! தன் கொள்கை கடவுளை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பதே அவர் நிலை. வேதம் மீட்புக்கு வழி சொல்லத்தான் வந்தது. இயற்பியல் பாடம் நடத்த அல்ல என்பதிலும் தெளிவாக இருந்தார்.

பிரபஞ்சம் எப்படி விரிந்தது? சமன்பாட்டைக் கேளுங்க. நான் எதுக்காக வாழணும்? முழங்கால் போட்டுக் கேளுங்க. ஒன்றுக்கு மற்றதைச் சாட்சிக்கு இழுக்காதீங்க. நாளைக்கே கொள்கை மாறினாலும் உங்க ஜெபம் ஆடாது. எத்தனை கேள்வி கேட்டாலும் விசுவாசம் குறையாது. மனசும் அடங்கும்.