சமமான மனைகளும் சமமற்ற வீடுகளும்: ஒலிந்தஸ் நகர அகழாய்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வடகிரேக்கத்தின் ஒலிந்தஸ் நகரம், பண்டைய கிரேக்கக் குடியிருப்பு ஆய்வில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் களமாகும். அதன் ஒழுங்கான தெருவமைப்பைக் கொண்டு அங்கு வாழ்ந்தோரின் வாழ்க்கையும் ஒரே சீரானது எனக் கருதும் போக்கு நிலவிவந்துள்ளது. கட்டட வரைபடத்தையும் அறைகளில் கிடைத்த பொருள்களையும் சேர்த்து நோக்கும்போது அக்கருத்து எவ்வாறு மாறுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஒலிந்தஸ், நகரத் திட்டமிடல், முற்றம், ஆண்ட்ரோன், வீட்டுத் தொல்லியல்.

களமும் காலமும்

ஒலிந்தஸ் கால்சிடிசே பகுதியில், கடலுக்குச் சற்று உள்ளே அமைந்தது. கி.மு. 432இல் ஏதென்ஸுக்கு எதிராகக் கிளர்ந்த கடலோர ஊர்களின் மக்கள், மாசிடோனிய மன்னன் இரண்டாம் பெர்டிக்காஸின் தூண்டுதலால் தம் ஊர்களை விட்டு இங்கே குடியேறினர் எனத் துசிடிடீஸ் குறிப்பிடுகிறார். கி.மு. 348இல் இரண்டாம் பிலிப் நகரை அழித்தான். அவன் பெயர் பொறித்த கவண் குண்டுகள் இடிபாடுகளில் கிடைத்துள்ளன. இடைப்பட்ட காலம் 84 ஆண்டுகள் மட்டுமே. அழிவுக்குப் பின் பெரிய அளவில் புதிய கட்டடங்கள் எழவில்லை. ஆகவே, பல நூற்றாண்டுகளாக மேன்மேலும் கட்டப்பட்ட பிற நகரங்களில் எளிதில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது: ஒரு குறுகிய காலத்தின் வீடுகள், அவற்றில் கைவிடப்பட்ட பொருள்களுடன்.

டேவிட் ராபின்சன் தலைமையில் 1928, 1931, 1934, 1938 ஆகிய நான்கு பருவங்களில் இங்கு அகழாய்வு நடைபெற்றது. முழுமையாகவோ பகுதியாகவோ நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் வெளிப்பட்டன. இந்த வேகம் இன்றைய ஆய்வாளரைத் திகைக்கவைக்கும். அதற்கான விலையும் கொடுக்கப்பட்டது. அது பின்னர் விளக்கப்படும்.

தெருவும் மனையும்

நகரின் தென்குன்றில் பழைய குடியிருப்பு ஒழுங்கற்று அமைந்திருந்தது. குடியேற்றத்தின்பின் விரிவடைந்த வடகுன்றிலோ தெருக்கள் செங்கோணத்தில் வெட்டிக்கொள்கின்றன. தெருக்களால் சூழப்பட்ட ஒவ்வொரு தொகுதியும் ஏறத்தாழ 86 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் உடையது. அதில் வரிசைக்கு ஐந்தாக இரு வரிசைகளில் பத்து மனைகள்; ஒவ்வொன்றும் சுமார் 17 மீட்டர் சதுரம். இரு வரிசைகளுக்கும் இடையே நீர் வடிய ஒரு குறுகிய சந்து. ஒரு வரிசை வீடுகளின் அடித்தளச் சுவர்கள் பல இடங்களில் இடைமுறியாமல் தொடர்வதால், அண்டை வீட்டார் கூடித் திட்டமிட்டே கட்டத் தொடங்கினர் எனக் கொள்ளலாம்.

இத்தகைய அமைப்பை மிலேட்டஸ் நகரத்து ஹிப்போடமஸின் பெயரால் வழங்குவது வழக்கம். அவ்வழக்கம் பொருத்தமற்றது. அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் ஹிப்போடமஸைப் பற்றி எழுதியிருப்பது உண்மையே. ஆயின் சிசிலியின் மெகாரா ஹிப்லேயா போன்ற குடியேற்றங்களில், அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே மனைகளும் தெருக்களும் அளந்து வகுக்கப்பட்டிருந்தன. புதிய நிலத்தில் பலர் ஒரே நேரத்தில் குடியேறும்போது பங்கீடு தகராறின்றி நடைபெற வேண்டும். அத்தேவையே இவ்வமைப்பின் ஊற்று எனக் கொள்வது பொருத்தம்.

ஜெர்மானிய ஆய்வாளர்களான ஹொப்ஃப்னரும் ஷ்வாண்ட்னரும் 1986இல் வெளியிட்ட நூலில், இச்சம மனைகளில் முதலில் ஒரே மாதிரியான வீடுகள் எழுப்பப்பட்டன என்றும், அது மக்களாட்சியின் சமத்துவக் கருத்தோடு தொடர்புடையது என்றும் வாதிட்டனர். அவர்களின் மீட்டுருவாக்கப் படங்கள் கண்ணைக் கவர்பவை. பாடநூல்களில் அவை நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். ஆனால் ஒலிந்தஸில் மனையின் புற எல்லை சமமே தவிர, உட்பிரிவு வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. முற்றத்தின் வடபுறம் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ‘பாஸ்டஸ்’ எனும் தாழ்வாரமும், அதன் பின்னுள்ள அறைகள் தெற்கு நோக்கிக் குளிர்கால வெயிலைப் பெறுவதும் பொதுக் கூறுகள். இவற்றுக்கு அப்பால் வீட்டார் தத்தம் தேவைக்கேற்பக் கட்டினர்.

வீட்டு விற்பனையைப் பதிவுசெய்த கல்வெட்டுகளும் இங்கே கிடைத்துள்ளன. விற்றவர், வாங்கியவர், அண்டை வீட்டார், விலை ஆகிய விவரங்களை அவை தருகின்றன. விலைகளுக்கிடையே பெரும் வேறுபாடு உண்டு. பங்கிடும்போது சமமாயிருந்த மனைகள், இரண்டு மூன்று தலைமுறைகளுக்குள் சந்தையில் சமமற்றவையாயின.

அறைக்குப் பெயரிடும் சிக்கல்

அறைகளுக்குப் பெயரிடுவதில்தான் இலக்கியச் சான்று தொல்லியலாளரை மிகுதியாக வழிதவறச் செய்துள்ளது. ‘ஆண்ட்ரோன்’ எனும் ஆடவர் விருந்தறையை அடையாளம் காண்பதில் ஐயமில்லை. சாய்விருக்கைகளுக்காகச் சுவரோரம் சற்று உயர்த்திய திண்டு, அவ்விருக்கைகளை இடுவதற்கு ஏற்ப நடுவிலிருந்து விலகிய வாயில், சில வீடுகளில் கூழாங்கற்களால் உருவங்கள் அமைத்த தளம் ஆகியவை தெளிவான அடையாளங்கள். ஆனால் எல்லா வீடுகளிலும் இவ்வறை இல்லை.

இதற்கு இணையாக ‘மகளிர் பகுதி’ ஒன்றைத் தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. தறியில் பாவு நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிடும் சுடுமண் எடைகள் பெண்களின் வேலையைக் காட்டும் சான்று எனக் கொண்டால், அவை ஓர் அறைக்குள் அடங்கவில்லை. தாழ்வாரத்திலும் அதை ஒட்டிய பல அறைகளிலும் கிடைக்கின்றன. மகளிர் பகுதிக்குச் சான்றாக எப்போதும் காட்டப்படும் லிசியாஸின் முதல் உரையைக் கவனமாகப் படித்தாலே இது வியப்பளிக்காது. அவ்வுரையில் பேசும் கணவன், குழந்தை பிறந்தபின் மனைவி கீழ்த்தளத்துக்கும் தான் மேல்தளத்துக்கும் இடம் மாறியதாகக் கூறுகிறான். பகுதிகள் இவ்வளவு எளிதாக மாறக்கூடியவை என்றால், அவற்றைச் சுவரில் தேடுவது எங்ஙனம்? லிசா நெவெட் 1999இல் வெளியிட்ட நூலில் வினாவையே மாற்றினார். வீட்டின் அமைப்பு பெண்களை ஆண்களிடமிருந்து பிரிப்பதற்காக அன்று. வீட்டாரை வெளியாரிடமிருந்து பிரிப்பதற்காகவே என்பது அவர் கருத்து. பெரும்பாலும் ஒரே தெருவாயில், உள்நோக்கிய முற்றம், ஆண்ட்ரோனின் தனித்த அமைவு ஆகியவை இதற்குப் பொருந்துகின்றன. எனக்கும் இதுவே ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

அடுப்பின் நிலையும் இத்தகையதே. கிரேக்க இலக்கியத்தில் அடுப்பு வீட்டின் நடுவம். ஹெஸ்டியா தெய்வத்தின் இருப்பிடம். ஒலிந்தஸ் வீடுகளில் நிலையாகக் கட்டிய அடுப்புகள் அரியன. தூக்கிச் செல்லத்தக்க கணப்புச் சட்டிகளே பெரும்பாலும் பயன்பட்டிருக்க வேண்டும்.

பதிவேடுகளிலிருந்து மீண்ட வீடுகள்

ராபின்சன் குழுவினர் தம் அறிக்கைகளைப் பதினான்கு தொகுதிகளாக வெளியிட்டனர். ஆனால் கண்டெடுத்தவற்றை நாணயம், விளக்கு, சுடுமண் உருவம், உலோகப் பொருள் என வகை பிரித்துப் பதிப்பித்ததால், ஓர் அறையில் ஒன்றாகக் கிடந்தவை வெவ்வேறு நூல்களுக்குச் சிதறின. மேலே குறித்த விலை இதுவே. நிக்கலஸ் கேஹில் களக் குறிப்பேடுகளுக்குத் திரும்பிச் சென்று, பொருள்களை அவை கிடைத்த அறைகளில் மீண்டும் பொருத்திப் பார்த்தார். 2002இல் வெளிவந்த அவர் நூல் காட்டும் ஒலிந்தஸில், குடும்பத் தேவைக்கு மிஞ்சி நெய்த வீடுகள் உள்ளன. தானியம் அரைத்த வீடுகளும் எண்ணெய் ஆட்டிய வீடுகளும் உள்ளன. தெருவை நோக்கிக் கடை திறந்த வீடுகளும் உள்ளன. ஒரே அளவு மனைகளில் வெவ்வேறு பொருளாதாரங்கள் இயங்கின.

இம்மீட்பிற்கும் எல்லையுண்டு. படைவீரர் சூறையாடிய நகரில் எஞ்சியவை அன்றாட வாழ்வின் முழுப்பதிவு ஆகா. ராபின்சன் குழுவினர் மண்ணைச் சலிக்காமல் கொட்டிய இடங்களில் விதையும் எலும்புத் துணுக்கும் மீளப் போவதில்லை. இக்குறையை உணர்ந்தே லிவர்பூல், மிச்சிகன் பல்கலைக்கழகங்களும் ஏதென்ஸிலுள்ள பிரித்தானியப் பள்ளியும் கிரேக்கத் தொல்லியல் துறையினருடன் இணைந்து 2014இல் புதிய ஆய்வைத் தொடங்கின. வடகுன்றில் ஒரே ஒரு வீடு தேர்ந்தெடுக்கப்பட்டது. தளத்து மண்ணின் வேதியியற் கூறுகள் சோதிக்கப்பட்டன. மண்ணை நீரில் கரைத்து மிதக்கும் கரிந்த விதைகள் சேகரிக்கப்பட்டன. ராபின்சன் நான்கு பருவங்களில் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைத் தோண்டிய அதே குன்றில், இந்த ஒரு வீட்டுக்கே பல பருவங்கள் தேவைப்பட்டன.