வளரிளம் மூளையின் எச்சரிக்கை மணி

பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில், அந்தச் சத்தத்துக்குள் யாரோ தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தோன்றித் திரும்பிப் பார்ப்பது சகஜம். இரைச்சலுக்குள்ளும் பொருள் தேடுவது மூளையின் இயல்பு. ஆனால் அமைதியான அறையிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் குரல் கேட்கிறது, தெருவில் போகிறவர்களெல்லாம் தன்னையே முறைப்பதாகத் தோன்றுகிறது என்றால்? சிலர் காத்துக்கருப்பு என்று பயப்படுவார்கள். சிலர் பைத்தியம் என்று முடிவுகட்டுவார்கள். இரண்டும் அவசர முடிவுகள்.

இவை மனச்சிதைவு நோயின் சாயல் கொண்ட அனுபவங்கள். அந்த நோயே அல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளியான கணக்கின்படி, 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் சுமார் 17 சதவீதத்தினருக்கும், 13 முதல் 18 வயதினரில் சுமார் 7.5 சதவீதத்தினருக்கும் இவை உண்டு. பெரும்பாலோருக்குத் தானாகவே மறைந்துவிடும்.

அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது? வேலை செய்யும் பகுதிக்கு ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாயும். அந்த மாற்றத்தைப் படம்பிடிப்பதுதான் செயல்நிலை எம்.ஆர்.ஐ. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், இத்தகைய அனுபவங்கள் உள்ள இளையோருக்கு அச்சுறுத்தும் முகங்களைக் காட்டினார்கள். ஆபத்தை உணர்ந்து எச்சரிக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதி, மற்றவர்களைவிட அவர்களிடம் அதிகம் கிளர்ந்தது. நினைவாற்றல் சோதனையிலோ, யோசித்து நிதானிக்க உதவும் மூளை முன்மடலின் செயல்பாடு குறைந்திருந்தது. அந்த முன்மடல் முழு வளர்ச்சி பெற இருபது வயதைத் தாண்டியும் ஆண்டுகள் பிடிக்கும். எச்சரிக்கை மணி பலமாக ஒலித்து, அதைச் சரிபார்க்கும் பகுதி தளர்ந்திருந்தால் சாதாரண முகமும் பகையாகத் தெரியக்கூடும்.

ஆய்வில் கண்டது குழுவின் சராசரி. ஒரு பிள்ளையின் மூளைப் படத்தை மட்டும் வைத்து நோய் என்று யாரும் சொல்ல முடியாது. தூக்கக் குறைவு, பள்ளியில் கேலிக்கு ஆளாவது, சிறுவயதில் பட்ட கொடுமை, கஞ்சா ஆகியவை இந்த அனுபவங்களோடு தொடர்புள்ளவை. இவற்றில் பலவற்றை நம்மால் மாற்ற முடியும்.

அதனால் பிள்ளை சொல்வதை அடக்காமல், பதறாமல் கேளுங்கள். எப்போது கேட்கிறது, என்ன சொல்கிறது, சரியாகத் தூங்குகிறாயா என்று விசாரியுங்கள். குரல் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். படிப்பும் நட்பும் வாரக்கணக்கில் சரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலும் தெலுங்கிலும் இலவசமாகப் பேசலாம்; பள்ளிப்பட்டு போன்ற எல்லையோர ஊருக்கு அது பெரிய வசதி. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் மனச்சிதைவு நோய்க்காக 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் இருக்கிறது. மனச்சிதைவாகவே இருந்தாலும், சீக்கிரம் தொடங்கிய சிகிச்சைக்குப் பலன் அதிகம்.