1964 ஜாஸ் பேஸ்: காசு கொடுக்குறதுக்கு முன்னாடி நாலு ஸ்க்ரூவைக் கழட்டச் சொல்லுங்க

இந்த எபிசோட் முழுக்க ஒரு நேயரோட கேள்விக்குத்தான். அமெரிக்காவுல ஒருத்தர் 1964 ஃபெண்டர் ஜாஸ் பேஸ் விக்கிறாராம். விலை, நம்ம ஊர்ல ஒரு நல்ல கார் வாங்குற காசு. நேயர் சேத்து வச்ச பணம் மொத்தமும் அதுல போயிடும். விக்கிறவர் அனுப்பின போட்டோ எல்லாத்தையும் எனக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டு, "இது நிஜமாவே 64தானா ப்ரோ? வாங்கினா எப்படிப் பாத்துக்கணும்?"னு கேட்டிருக்கார்.

முதல்ல, 64ன்னா ஏன் இவ்வளவு விலை? 1965 ஜனவரியில லியோ ஃபெண்டரோட கம்பெனி சி.பி.எஸ். நிறுவனத்துக்குக் கைமாறுச்சு, 13 மில்லியன் டாலருக்கு. அதுக்கு முன்னாடி செஞ்சதையெல்லாம் "ப்ரீ சி.பி.எஸ்."னு தனி ஜாதியா வச்சுப் பாக்குறாங்க. என்னைக் கேட்டா, கலிஃபோர்னியா ஃபுல்லர்ட்டன் ஃபேக்டரியில ஒரே ராத்திரியில எல்லாம் மாறிடலை. அதே ஆளுங்க, அதே மெஷின். ஆனா சந்தைக்கு அந்தக் கோடு முக்கியம். அதனால 66ஐ 64ன்னு சொல்றதுல ஒரு பெரிய தொகை இருக்கு.

சரி, போட்டோவுக்கு வருவோம். ஜாஸ் பேஸ் 1960ல வந்தது. ஆரம்பத்துல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின ரெண்டு ஜோடி குமிழ். 62 வாக்குல அது மூணு தனிக் குமிழா மாறிடுச்சு. நெக்ல முதல்ல வெறும் புள்ளிகள்தான். 65 கடைசியில நெக் ஓரத்துல பைண்டிங் வந்தது, 66ல புள்ளிக்குப் பதிலா செவ்வகக் கட்டங்கள் வந்தது. நேயரோட பேஸ்ல மூணு குமிழ், புள்ளி, பைண்டிங் இல்லை. இதுவரைக்கும் 64க்குப் பொருந்துது.

பின்னாடி இருக்கிற சீரியல் நம்பர் பிளேட்டைக் காட்டித்தான் விக்கிறவர் அடிச்சுப் பேசுறார். அதை நான் சாட்சியாவே எடுத்துக்க மாட்டேன். அது நாலு ஸ்க்ரூ போட்ட ஒரு இரும்புத் தகடு. அந்தக் காலத்துல டப்பாவுல கை விட்டு வந்ததை எடுத்து மாட்டியிருக்காங்க, நம்பர் வரிசையாக்கூட இருக்காது. இன்னைக்கு யார் வேணா மாத்திடலாம்.

நெக்கைக் கழட்டினா அடியில ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும். இந்த பேஸ்ல "7 ஜூலை 64 ஏ"ன்னு இருக்கு. உடனே "1964 ஜூலை 7ஆம் தேதி செஞ்சது"ன்னு படிச்சிருக்காங்க. தப்பு. 7ங்கிறது தேதி இல்லை, மாடல் கோட். ஜாஸ் பேஸ்னா 7, ப்ரிசிஷன் பேஸ்னா 5. கடைசி எழுத்து நட் கிட்ட நெக்கோட அகலம். ஏன்னா ஒன்றரை இன்ச். நம்ம லாக் ஃபைல் மாதிரிதான், எந்த ஃபீல்ட் என்னன்னு தெரியாம படிச்சா தேதியா தெரியும். இன்னொண்ணு, இது நெக் செஞ்ச மாசம். பேஸ் முழுசாச் சேந்து வெளிய போனது அதுக்கு அப்புறம்.

அடுத்தது பாட், அதாவது குமிழுக்கு அடியில இருக்கிற பொட்டென்ஷியோமீட்டர். அதோட முதுகுல ஒரு எண் குத்தியிருக்கும். 304ல ஆரம்பிச்சா ஸ்டாக்போல் கம்பெனி, 137ன்னா சி.டி.எஸ். அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம், அதுக்கடுத்த ரெண்டு எத்தனாவது வாரம். போட்டோவுல தெளிவா தெரியுற ஒரே பாட்டுல 304 66 18ன்னு இருக்கு. 1966, பதினெட்டாவது வாரம்.

இங்கதான் சிக்கல். 66 மே மாசத்துல செஞ்ச பாட், 64ல ஃபேக்டரியை விட்டுப் போன பேஸ்ல இருக்க முடியாது. தலைகீழா இருந்தா பிரச்சினையே இல்லை. 66ல ஃபெண்டர் பாட்டுகளை மலை மாதிரி வாங்கிக் குவிச்சிட்டாங்க. 68, 69 கிட்டார்கள்லகூட 66 பாட் இருக்கிறது சகஜம். அதாவது பாட் தேதி "இதுக்கு முன்னாடி இல்லை"ன்னு மட்டும்தான் சொல்லும், எப்போன்னு சொல்லாது.

அப்போ இது ஏமாத்தா? இருக்கணும்னு இல்லை. அறுபது வருஷத்துல ஒரு பாட் கெட்டுப்போய் எவராவது மெக்கானிக் மாத்தியிருக்கலாம். அது ரிப்பேர், விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆனா மூணு பாட்டும் 66ன்னா, 64 நெக்கை வேற ஒரு பாடியில மாட்டியிருக்காங்கன்னு சந்தேகப்படணும். அப்போ விலையே வேற. அதனால விக்கிறவர்கிட்ட மூணு பாட்டோட முதுகையும், நெக் உக்கார்ற குழியையும் கிட்டக்க போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. குழியில கூடுதல் ஸ்க்ரூ ஓட்டை இருக்கா, சோல்டர் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி பழசா மங்கி இருக்கா, துணி சுத்தின ஒயர் நடுவுல பிளாஸ்டிக் ஒயர் வருதா, இதெல்லாம் அதுல தெரியும். அனுப்ப மாட்டேன்னார்னா, அதுவும் ஒரு பதில்தான்.

பிக்கப்பை டெஸ்ட் பண்ண ஒரு மல்டிமீட்டர் போதும், உள்ள திறக்கவே வேண்டாம். ஒரு கேபிளை மாட்டி, மறு முனையில மீட்டரை வைங்க. ஒரு வால்யூமை முழுசா வச்சு, இன்னொண்ணை ஜீரோ ஆக்குங்க. ஏழு கிலோ ஓம் பக்கத்துல வந்தா அந்தப் பிக்கப்புக்கு உயிர் இருக்கு. 125 பக்கத்துல எகிறினா காயில் அறுந்திருக்கு. நீங்க பாக்குறது ரெண்டு 250 கிலோ ஓம் பாட்டும் பேரலல்ல இருக்கிறதை. காயில் கம்பி தலைமுடி கனம்தான், வியர்வையும் ஈரமும் பட்டா துரு ஏறி அறுந்துடும். திரும்பச் சுத்தித் தர்றவங்க இருக்காங்க, ஆனா அதையும் விலையில கழிச்சுக்கணும்.

வாங்கியாச்சுன்னு வச்சுக்குவோம். பராமரிப்புல என் முதல் விதி, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. சோல்டரை அழகா இருக்கட்டும்னு உருக்காதீங்க, அது சாட்சி. பெயின்ட் உதிர்ந்திருக்குன்னு மறுபடி அடிச்சீங்கன்னா சந்தையில மதிப்பு பாதிக்குப் பக்கமா விழும். குமிழ் கரகரன்னா, கான்டாக்ட் கிளீனர் ரெண்டு சொட்டு விட்டு முப்பது தடவை திருப்புங்க. பெரும்பாலும் சரியாகிடும்.

பெயின்ட் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ரப்பர் வச்ச ஸ்டாண்டுல மாசக்கணக்குல நிக்க வச்சா, ரப்பர் பட்ட இடம் இளகி ஒட்டிக்கும். பருத்தித் துணி சுத்துங்க, இல்ல கேஸ்லயே வைங்க. ஆமை ஓடு மாதிரி இருக்கிற பிக்கார்டும் செல்லுலாய்டுதான், வருஷம் போகப் போகச் சுருங்கும். கழட்டிட்டு மாட்டும்போது ஸ்க்ரூ ஓட்டை நேரா வரலைன்னா இழுத்துப் பிடிச்சு முடுக்காதீங்க, விரிசல் விடும்.

நெக்தான் உண்மையான வேலை. முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் கம்பியை அழுத்திட்டு, ஏழாவது ஃப்ரெட்ல இடைவெளியைப் பாருங்க. ஒரு விசிட்டிங் கார்டு நுழையுற அளவு இருந்தா நல்லது. சென்னையில ஐப்பசி மழைக்கும் மே மாச ஏசிக்கும் நடுவுல இது மாறிக்கிட்டே இருக்கும். இப்போ வர்ற பேஸ் பலதுல ட்ரஸ் ராடைத் தலைப்பக்கமே திருப்பிடலாம். பழைய ஃபெண்டர்ல அது நெக்கோட அடி முனையில இருக்கு. கம்பியைத் தளர்த்தி, நெக்கைத் தூக்கி, கால் சுத்து திருப்பி, மறுபடி மாட்டிப் பாக்கணும். கை ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான்; பவர் டூல் போட்டா அறுபது வருஷ மரத்துல மரை போயிடும். ட்ரஸ் ராட் திரும்பலைன்னா அங்கேயே நிறுத்திட்டு, தெரிஞ்ச ஆள்கிட்ட கொண்டு போங்க.

ரொம்பச் சுத்தமும் வேணாம். டெட்ராய்ட்ல மோடவுன் பாட்டுகளுக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன், தன்னோட 62 ப்ரிசிஷன் பேஸ்ல ஃப்ளாட்வவுண்ட் கம்பியை அறுந்தாத்தான் மாத்துவார். அந்த அழுக்குலதான் சவுண்டே இருக்குன்னு நம்பினவர். அந்த பேஸ் 1983ல அவர் சாகுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி திருடு போயிடுச்சு. அதனால உங்க பேஸோட ஸ்டாம்ப், பாட் எண், மரத்துல இருக்கிற ஒவ்வொரு வடு, எல்லாத்தையும் போட்டோ எடுத்து ரெண்டு இடத்துல பேக்கப் வைங்க.

கடைசியா, நேயர் கேக்காத ஒண்ணு. 64 நெக்ல இருக்கிற ஃப்ரெட்போர்டு பிரேசில் ரோஸ்வுட். 1992ல இருந்து அந்த மரம் சைட்டீஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. 2019ல மத்த ரோஸ்வுட்ல செஞ்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைச்சுது, இதுக்குக் கிடையாது. பேப்பர் இல்லாம நாடு தாண்டினா கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சுக்கலாம். பின்னாடி ஃபெண்டர் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினாங்க. வேற ஒண்ணும் இல்லை, நம்ம நீலகிரிப் பக்கம் வளர்ற ஈட்டி மரம்தான்.

அதனால அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி, சைட்டீஸ் பெர்மிட் யார் எடுக்குறது, செலவு யாரோடதுன்னு விக்கிறவர்கிட்ட எழுத்துல கேளுங்க. பாட் போட்டோ வந்ததும் எனக்கு அனுப்புங்க, சேந்தே பாக்கலாம்.