கதவு திறந்தால் மெஷின் நிற்க வேண்டும்

எந்த பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறைக்குள் போனாலும் என் கண் முதலில் தேடுவது, மெஷினின் முன்கதவு ஓரத்தில் இருக்கும் லிமிட் சுவிட்சைத்தான். அதில் கட்டுக்கம்பி சுற்றியிருந்தால், அங்கே யாருடைய விரலுக்கோ ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டது என்று அர்த்தம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆப்பரேட்டராகச் சேர்ந்து, மோல்டு செட்டராகி, ஷிப்ட் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது அடிபட்ட தொழிலாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. படிவங்களும் இழப்பீட்டு மனுக்களும் எழுதிக் கொடுக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, மெஷினில் தொடங்கும் தப்பு காகிதத்தில்தான் முடிகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷின் செய்யும் வேலையைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஹாப்பரில் கொட்டும் பிளாஸ்டிக் குருணை, சூடான பேரலுக்குள் போய் உருகும். பாலிபுரோப்பிலீனுக்கு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். நைலானுக்கு 250-க்கு மேல் போகும். உருகியதை ஸ்குரூ மோல்டுக்குள் தள்ளும். மோல்டின் இரண்டு பாதிகளும் பிரியாமல் மெஷின் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சிறிய பட்டறை மெஷினே 100 டன் விசையில் பிடிக்கும். ஆறியதும் மோல்டு திறக்கும், பொருள் விழும், மறுபடி மூடும். நம் வீட்டு வாளி, டிபன் டப்பா, சுவிட்ச் பெட்டி எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன.

சில நேரம் பொருள் விழாமல் மோல்டிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆப்பரேட்டர் கதவைத் தள்ளி, உள்ளே கைவிட்டு எடுப்பார். அப்போது மோல்டு மூடிவிடாமல் இருக்கத்தான் மூன்று காவல்கள். கதவு நகர்ந்ததும் லிமிட் சுவிட்ச் மின்கட்டளையை நிறுத்தும். ஹைட்ராலிக் மெஷினில் ஒரு வால்வு எண்ணெய் ஓட்டத்தை அடைக்கும். இரண்டும் கைவிட்டாலும், ஓர் இரும்புத் தடி குறுக்கே விழுந்து மோல்டை மூடவிடாமல் தடுக்கும். ஒன்று பழுதானால் மற்றொன்று காக்க வேண்டும் என்பதற்காகவே மூன்று வைத்திருக்கிறார்கள்.

பிறகு ஏன் சுவிட்சைக் கட்டுகிறார்கள்? ஒரு ஷாட்டுக்கு 30 விநாடி என்றால், 12 மணி நேர ஷிப்டில் 1,440 ஷாட். கதவை ஒவ்வொரு முறையும் மூடாமல் 2 விநாடி மிச்சம் பிடித்தால் 1,542. ஏறக்குறைய 100 உருப்படி கூடுதல். அந்த 100 உருப்படிக்காகத்தான் கட்டுக்கம்பி.

நான் மனு எழுதிய ஒரு பையனின் கதை இது. ஒடிசாவிலிருந்து வந்தவன், கான்ட்ராக்டர் மூலம் சேர்ந்தவன், வயது இருபத்தைந்துக்குள். இரவு ஷிப்டில் மக் கைப்பிடி ஒன்று மோல்டில் ஒட்டிக்கொண்டது. சுவிட்ச் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. எண்ணெய் கசிகிறதென்று வால்வைக் கழற்றியிருந்தார்கள். இரும்புத் தடி வளைந்துபோய் மூலையில் கிடந்தது. வலது ஆள்காட்டி விரல் முழுதாகப் போயிற்று. விபத்துப் பதிவேட்டில், காரணம் என்ற கட்டத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். அவனுக்கு ஈ.எஸ்.ஐ. எண் பதிவானது மறுநாள் காலையில்.

அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு வெளியே, கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் கேட்டான்: “சார், ஊருக்குப் போயிட்டா காசு வருமா?” வரும். நிரந்தர ஊனம் என்று மருத்துவ வாரியம் நிர்ணயித்தால், இழந்த சம்பாதிக்கும் திறனின் சதவீதத்துக்கு ஏற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வங்கிக் கணக்கு எந்த ஊரில் இருந்தாலும் சரி. காலாகாலத்தில் உயிர்வாழ் சான்று கொடுத்துவந்தால் போதும்.

‘கவனக்குறைவு’ என்ற சொல்லைக் கண்டு பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். சட்டப்படி கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. குடித்திருந்தால், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தால், தடுப்பைத் தானே வேண்டுமென்றே அகற்றியிருந்தால் முதலாளி மறுக்கலாம். விளைவு மரணமோ முழு நிரந்தர ஊனமோ என்றால் அப்போதும் மறுக்க முடியாது. சூப்பர்வைசர் சொல்லிக் கட்டிய கம்பி, தொழிலாளி வேண்டுமென்றே செய்த மீறல் ஆகாது. ஈ.எஸ்.ஐ. சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: முதலாளியின் வேலைக்காகச் செய்த காரியம் என்றால், அதில் விதிமீறல் இருந்தாலும் அது வேலை விபத்தே.

இந்தப் பாதுகாப்பு இரண்டு வழிகளில் கிடைக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் சந்தா கட்ட வேண்டும். 18,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 135, முதலாளியின் பங்கு 585. வேலை விபத்தில் அடிபட்டால் சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம். நோய்க்கால உதவிக்குத்தான் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை விபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவருக்கு, 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த வழி இருக்கிறது. இதில் பொறுப்பு நேரடியாக முதலாளியின் தலையில். கணக்கு இப்படி: முழு நிரந்தர ஊனத்துக்கு மாதச் சம்பளத்தில் 60 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பை 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தினார்கள். 25 வயதுக்குக் காரணி 216.91. 9,000-ஐ அதனால் பெருக்கினால் 19,52,190 ரூபாய். ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் அட்டவணைப்படி 14 சதவீதம். அதாவது 2,73,306 ரூபாய். கட்டைவிரலுக்கு 30 சதவீதம்: 5,85,657 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமின்றி இழுத்தடித்தால் தொகையில் பாதி வரை அபராதம்.

இந்தத் தொகை தெரியாததால்தான் ஐம்பதாயிரத்தை நீட்டி வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்கும்போது போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. கான்ட்ராக்டர் ஓடிவிட்டாலும், வேலை நடந்த கம்பெனி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

2025 நவம்பர் 21 முதல் இந்த இரண்டு சட்டங்களும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. வேலைக்கு வந்து போகும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இழப்பீட்டில் சேர்கிறது. கூடவே வந்த பணிப் பாதுகாப்புத் தொகுப்பு, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. அடிபட்ட பிறகு ‘இவன் எங்கள் ஆளே இல்லை’ என்று சொல்லாமல் தடுக்கும் காகிதம் அது. கேட்டு வாங்குங்கள்.

எட்டுப் பேரை வைத்துப் பட்டறை நடத்தும் சிறு முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு விரலுக்கான இழப்பீடு உங்கள் ஒரு மெஷினையே விற்க வைத்துவிடும். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் விற்கும் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியை எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது ஆட்களின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் குறைத்துக் காட்டாதீர்கள். கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்திருக்கிறதா, மருத்துவச் செலவு அடங்குமா என்று பாருங்கள். நீங்கள் தாமதித்ததற்கான அபராதத்தை எந்த பாலிசியும் கட்டாது.

மோல்டு மட்டும்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். கழிவை அரைக்கும் கிரைண்டரில் அடைப்பு எடுக்க, மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் கைவிடக் கூடாது. பேரலைச் சுத்தம் செய்யும்போது உருகிய பிளாஸ்டிக் தெறிக்கும்; முகமறைப்பும் கையுறையும் கட்டாயம். தோலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். பி.வி.சி. அதிகம் சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணும் நெஞ்சும் எரிந்தால் வெளியே ஓடிவிடுங்கள்.

இன்று ஷிப்டுக்குப் போகும் ஒவ்வொரு தம்பியும் தங்கையும் இரண்டு காரியம் செய்யுங்கள். மெஷினில் கைவைக்கும் முன், மோல்டு நகரும்போது கதவைச் சற்றே திறந்து பாருங்கள். நிற்காவிட்டால் அந்த மெஷினில் வேலை செய்யாதீர்கள், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். பிறகு உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்து வையுங்கள். சேர்ந்த அன்றே எண் தராத இடத்தில் உங்கள் விரல்களுக்கு உத்தரவாதம் இல்லை.